நுனியில் ஒட்டியது

ஏரி, குளங்களில் படிந்த சேற்றை அளப்பதற்கென்று அந்த நகரசபை அலுவலகத்தில் அச்சடித்த படிவம் ஒன்று உண்டு. அதில் ஐந்து கட்டங்கள்: புள்ளியின் எண், தண்ணீரின் ஆழம், சேற்றின் மேல்மட்டம், அடிமட்டம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அளவக்கா நிரப்பிய படிவங்களில் மட்டும் ஆறாவதாக ஒரு கட்டம் இருக்கும். ஸ்கேல் வைத்துப் பென்சிலால் அவளே இழுத்த கோடு. அதன் தலையில் சின்ன எழுத்தில் ‘நுனியில் ஒட்டியது’ என்று எழுதியிருப்பாள்.

அந்தக் கோட்டை நிறுத்திவிட நான்கு பொறியாளர்கள் முயன்று பார்த்துவிட்டார்கள். ஒருவர் சிவப்பு மையால் அடித்தார். இன்னொருவர் ஐந்து கட்டங்களையும் அகலமாக்கி, ஆறாவதற்கு இடமே இல்லாதபடி புதுப் படிவம் அச்சடிக்க வைத்தார். அளவக்கா தாளைத் திருப்பி முதுகுப் பக்கத்தில் எழுதினாள்.

அளவர் வேலை அவள் படித்துவிட்டு வந்த வேலை இல்லை. கயிறு பிடிக்கும் தினக்கூலியாக உள்ளே வந்தவள். எண்களைக் குறித்துக்கொள்ளும் எழுத்தர் ஒரு நாள் வராததால் அவள் குறித்தாள். அதற்குப் பிறகு, குப்பைக்குப் போகவிருந்த பழைய திட்ட மதிப்பீடுகளை வீட்டுக்குக் கொண்டுபோய், சமையல் மேடையில் பரப்பி, ஒவ்வொரு பெருக்கலையும் தானே மறுபடி போட்டுப் பார்த்தாள். பத்தில் மூன்று தப்பாக இருந்தன. இந்த வேலை தனக்கும் வரும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு நம்பிக்கை பிறந்தது. இப்போது ஐம்பத்தேழு வயது. ஓய்வுக்குப் பதினாலு மாதம் பாக்கி. அளவக்கா என்பது ஏரிப் படகோட்டி வைத்த பெயர். சம்பளப் பட்டியலைத் தவிர எல்லா இடத்திலும் அது ஒட்டிக்கொண்டது.

அவளிடம் இரண்டு கோல்கள் உண்டு. ஒன்று மூங்கில். அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டத் தகடு. தண்ணீருக்குள் இறக்கினால் தகடு சேற்றின் மேல் போய் உட்காரும், அது மேல்மட்டம். மற்றது விரல் கனத்தில் நீளமான இரும்புக் கோல். கீழ்ப் பாதியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக ரம்பத்தால் வெட்டிய சின்னச் சின்னப் பள்ளங்கள். இதைக் கைப்பலத்தால் மட்டும் இறக்குவாள், சுத்தியலால் தட்டமாட்டாள். இறங்கியதும் அரைச் சுற்று திருகி மேலே எடுப்பாள். ஒவ்வொரு வெட்டிலும் அந்தந்த ஆழத்து மண் சிக்கியிருக்கும். அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பாள். கறுப்பாக, கொழகொழவென்று, தண்ணீரில் விரலை ஆட்டினாலே கரைந்து போனால் அது வெளியிலிருந்து வந்து படிந்த சேறு. சாம்பல் நீலமாக, நகத்தால் சுரண்டினால்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால் அது ஏரியின் சொந்தத் தரை, களிமண். அந்தக் களிமண் இருப்பதால்தான் ஏரியில் தண்ணீர் நிற்கிறது. அதற்குக் கீழே வெறும் மணல்.

அந்த வருடம் நகரத்துப் பெரிய ஏரியைத் தூர்வாரப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். அளவக்கா ஒன்பது நாள் படகில் போனாள். எண்பத்து நாலு புள்ளிகள். படகோட்டிக்கு நாற்பது வயது. வெயிலோ மழையோ ஒரே துணித் தொப்பி. ஊரில் அவன் பெயரே தொப்பிதான்.

“அக்கா, நீங்க இந்தச் சேத்தைப் பாக்குற மாதிரி ஒரு டாக்டர் என்னைப் பாத்திருந்தா எனக்கு முட்டி வலியே இருந்திருக்காது” என்றான் மூன்றாம் நாள்.

“பேசாம துடுப்பைப் புடி. படகு நகருது.”

“படகுன்னா நகரும்க்கா.”

“நான் அளக்கும்போது நகராது.”

கணக்குப் போட்டுப் பார்த்ததில் சேற்றின் சராசரி அறுபது சென்டிமீட்டர் வந்தது. ஆறு ஹெக்டேர் ஏரிக்கு முப்பத்தாறாயிரம் கன மீட்டர். அதிலும் அடியில் பத்து சென்டிமீட்டர் கறுப்பை விட்டுவிட்டு மேலே ஐம்பதை மட்டும் எடுக்க வேண்டும் என்று திட்டத்தில் எழுதினாள். தோண்டும் இயந்திரத்தின் வாளிக்குக் கண் கிடையாது. கொஞ்சம் தவறினாலும் களிமண்ணைத் தொடக்கூடாது என்பதற்காக அந்தப் பத்து. ஆக முப்பதாயிரம் கன மீட்டர், மூவாயிரம் லாரி லோடு. சேற்றை எங்கே கொட்டுவது, எத்தனை நாள் காயவிடுவது, லாரி எந்தத் தெரு வழியாகப் போனால் பள்ளிக்கூட வாசலில் நெரிசல் ஆகாது என்பதெல்லாம் அடுத்தடுத்த பக்கங்களில். கடைசிப் பக்கத்தில் ஏரிக்குள் வந்து விழும் மூன்று வாய்க்கால்களின் படம்.

பொறியாளர் கூப்பிட்டு அனுப்பினார். வந்து எட்டு மாதமே ஆன இளைஞர். மேஜையில் ஒரு தாள் கோணலாக இருக்கவிடமாட்டார்.

“உக்காருங்கம்மா. சபை எவ்வளவு ஒதுக்கியிருக்குன்னு தெரியும் இல்ல?”

“தெரியும் சார். ஒண்ணு புள்ளி நாலு மீட்டர் தோண்டுற அளவுக்கு.”

“உங்க திட்டத்துக்கு அதுல பாதிகூடச் செலவாகாது. வருஷக் கடைசிக்குள்ள செலவு பண்ணலேன்னா மிச்சம் திரும்பப் போயிடும். அடுத்த வருஷம் கேட்டா, குடுத்ததையே செலவு பண்ணத் துப்பில்லையேன்னு வெட்டிடுவாங்க.”

“ஒதுக்கினவங்க இந்த ஏரியை அளந்து ஒதுக்கல சார். பக்கத்து ஊர் ஏரிக்கு ஆன கணக்கைப் பாத்து ஒதுக்கினாங்க. அது வேற ஏரி.”

“நான் என்ன என் பாக்கெட்டுல போட்டுக்கவா கேக்குறேன்? ஆழமா தோண்டினா தண்ணி அதிகமா நிக்கும். ஊரே அதைத்தான் கேக்குது.”

“நிக்காது சார்.”

“எது?”

“தண்ணி.”

அவர் ஒரு தாளை நேராக்கினார். “அறுபதுங்கிறதைக் கொஞ்சம் பாத்து எழுதுங்கம்மா.”

“பாத்துதான் எழுதினேன் சார். எண்பத்து நாலு தடவை.”

அடுத்த வாரம் வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தை வரவழைத்தார். அவர்கள் ஒன்றரை நாளில், இருபது புள்ளிகளில் வேலையை முடித்தார்கள். சுருள் கம்பி போட்ட அறிக்கை வந்தது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். சேற்றின் சராசரி ஒன்று புள்ளி நாலு மீட்டர். எண்பத்து நாலாயிரம் கன மீட்டர். ஒதுக்கிய பணத்துக்குச் சட்டை தைத்ததுபோல் கச்சிதமாகப் பொருந்தியது.

எப்படி அளந்தார்கள் என்று தொப்பியிடம் கேட்டாள்.

“கூர் வச்ச கம்பிக்கா. சுத்தியால அடிச்சாங்க. டொக்குன்னு நின்னதும் எழுதிக்கிட்டாங்க. நுனியை யாரும் பாக்கல. ஒருத்தரு கம்பியை என் துண்டுலயே துடைச்சாரு. நாலு தடவை துவைச்சுட்டேன், போக மாட்டேங்குது.”

துண்டை விரித்துக் காட்டினான். நடுவில் கை அகலத்துக்குச் சாம்பல் நீலம். கூர் வைத்த கம்பி சேற்றைத் தாண்டி, ஊறி இளகிய களிமண்ணையும் துளைத்துக்கொண்டு போய் மணலில் நின்றிருக்கிறது. எண்பது சென்டிமீட்டர் தரையைச் சேறு என்று எழுதிவிட்டார்கள்.

புதிய மதிப்பீடு அவள் மேஜைக்கு வந்தது. அளவரின் கையெழுத்து இல்லாமல் அது சபையின் குழுவுக்குப் போகாது. இரண்டு தடவை கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் தடவை தாள் வரவில்லை. வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்துக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி வந்தது.

வீட்டில் அவள் கணவர் முன்னறையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தார். தையல்காரர், காலை ஏழு மணிக்கு ஓட ஆரம்பித்தால் விளக்கு போடும் வரை அந்த இயந்திரம் ஓயாது.

“ஒரு கையெழுத்து. போட்டுட்டு வந்துடேன்” என்றார் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “பதினாலு மாசத்தை எப்படியாவது ஓட்டிட்டா பென்ஷன்.”

“போட்டா ஏரி போயிடும்ங்க.”

“போடலேன்னா?”

“இத்தனை பெரிய அறிக்கை தப்பு, உன் கம்பி சரின்னு எப்படி நம்புறதுன்னு கேப்பாங்க. அப்போ அந்தக் குளத்தைச் சொல்லணும்.”

இயந்திரம் நின்றது.

அந்தக் குளத்தைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருடத்துக்கு முன், அவள் அளவரான புதிதில் அளந்த குளம். அப்போது அவளிடம் இருந்ததும் வழவழப்பான, கூர் வைத்த கம்பிதான். டொக்கென்று நிற்கும் வரை இறக்கி, அந்தச் சத்தத்தை ரசித்து, ஒன்று புள்ளி மூன்று என்று எழுதினாள். அவ்வளவும் தோண்டினார்கள். மழை வந்தது, குளம் விளிம்பு வரை நிறைந்தது, நாற்பது நாளில் காலியானது. அவள் தனியாக உள்ளே இறங்கிப் பார்த்தாள். கால் மணலில் புதைந்தது. கரையோரம் வெட்டுப்பட்ட இடத்தில், மேலே கறுப்புப் பட்டை, கீழே நீலப் பட்டை, இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. நீலத்தை வாரிக் கொட்டச் சொன்னது அவள் எழுதிய எண். அன்று மாலையே கம்பியைப் பட்டறைக்கு எடுத்துப்போய்க் கூரை மழுக்கி, பள்ளங்கள் வெட்டிக்கொண்டு வந்தாள். அலுவலகம் ‘மழைக் குறைவால் வறண்டது’ என்று எழுதிக் கோப்பை மூடியது. அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து ஆறாவது கோடு போட ஆரம்பித்தாள்.

“சொன்னா உன் தலையைத்தான் உருட்டுவாங்க” என்றார் கணவர். “பென்ஷனையே நிறுத்தி வைக்கலாம். மழை இல்லன்னு அவங்களே எழுதி மூடின ஃபைலு. நீயா போய் ஏன் தோண்டுறே?”

“மழை பெய்ஞ்சுதுங்க. நான் குடை புடிச்சுக்கிட்டு நின்னு பாத்தேன்.”

அவர் ஊசியில் நூலைக் கோத்தார். “சேத்தை சென்டிமீட்டர்ல அளக்குறே. குழம்புல உப்பைத்தான் இன்னும் கைக்கு வந்தபடி போடுறே” என்றார். பிறகு, “அந்தக் கம்பியைக் கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போவியா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“துரு புடிச்சதை அப்படியே தூக்கிட்டுப் போய் நிக்காதே. ஒரு உறை தைச்சுத் தர்றேன்.”

யாரோ கொடுத்த ஜன்னல் திரையில் மிஞ்சிய துணி. பெரிய பெரிய மஞ்சள் பூ போட்டது. நீளத்துக்கு அதுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வாசல் காவலர் அவளை நிறுத்தினார். “என்னம்மா இது, இவ்வளவு நீளமா?”

“கோலு.”

“சண்டைக்கா?”

“உள்ள போனாத்தான் தெரியும்.”

நீள மேஜை, ஏழு உறுப்பினர்கள். நடுவில் குழுத் தலைவி. மருந்துக் கடை நடத்துபவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் யாரையும் பார்ப்பார். அவர் முன்னால் சுருள் கம்பி அறிக்கையும் அளவக்காவின் படிவக் கட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“ஒண்ணு அறுபதுங்குது, ஒண்ணு நூத்து நாப்பதுங்குது. ஒரே ஏரிதானே?” என்றார்.

“ஒரே ஏரிதாம்மா. அவங்க கம்பி எங்க நின்னுச்சுன்னு எழுதியிருக்காங்க. நான் எதுல நின்னுச்சுன்னு எழுதியிருக்கேன்.” அளவக்கா பூத்துணி உறையைக் கழற்றிக் கோலை மேஜை மேல் நீளமாகக் கிடத்தினாள். இரண்டு உறுப்பினர்கள் தேநீர்க் கோப்பையை நகர்த்திக்கொண்டார்கள். ஒவ்வொரு வெட்டாகத் தொட்டு, எது சேறு, எது தரை என்று சொன்னாள். “நூத்து நாப்பது தோண்டினா அடியில மணல்தான் இருக்கும். வர்ற மழைத் தண்ணி ரெண்டு மாசம்கூட நிக்காது.”

“இது உங்க ஊகம்” என்றார் பொறியாளர். குரலில் கோபம் இல்லை. “அப்படி எந்த ஏரியும் இங்க வத்தினதா பதிவே இல்ல.”

“இருக்கு சார். நீங்க எல்லாரும் காலையில வண்டியை எங்க நிறுத்தினீங்க?”

இரண்டு பேர் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கட்டடத்துக்குப் பின்னால்தான் வண்டி நிறுத்தும் திடல்.

“அது குளம். பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் தண்ணி இருந்துச்சு. கூர் வச்ச கம்பியை விட்டு, டொக்குன்னு நின்ன இடத்தை அடின்னு எழுதி, தரையையே தோண்டி எடுத்துட்டாங்க. நாப்பது நாள்ல காலி.”

“மழைக் குறைவுன்னு ரிஜிஸ்தர்ல இருக்கே” என்றார் பொறியாளர்.

“அந்த வருஷத்து மழைக் கணக்கும் அதே அலமாரியிலதான் சார் இருக்கு. கீழ்த்தட்டு. எடுத்துப் பாருங்க, சராசரியைவிட அதிகம்.”

தலைவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அளந்தது யாரு?”

அளவக்கா கைப்பையிலிருந்து பழைய அளவுப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திறந்து, அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஐந்து கட்டம் மட்டுமே உள்ள பக்கம். அடியில் அவள் கையெழுத்து, இப்போதையதைவிடக் கொஞ்சம் பெரியதாக, கொஞ்சம் வளைவாக.

தலைவி அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

“இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?”

“பயம்.”

“இப்போ பயம் போயிடுச்சா?”

“இல்லம்மா. ஆனா நான் ஒரு தடவை பண்ணினதுக்கு இன்னொரு தடவை கையெழுத்துப் போட மாட்டேன். என்னை என்ன பண்ணணுமோ பண்ணுங்க. என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் இந்த ஏரிக்கு அறுபதுதான்.”

“இதுக்கு உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்” என்றார் பொறியாளர். அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. பழைய புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எடுங்க சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை படகுல வாங்க. இடத்தை நீங்களே சொல்லுங்க.”

தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இப்பவே போவோம்.”

ஏரிக்கரையில் தொப்பி இத்தனை பேரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். அவன் தலை வழுக்கை என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. பொறியாளர் பளபளக்கும் காலணியோடு படகில் ஏறினார். நிறுவனத்தின் அறிக்கையில் எந்த இடம் மிக ஆழமோ அங்கே போகச் சொன்னார். ஒன்று புள்ளி ஆறு என்று எழுதியிருந்த இடம்.

அளவக்கா மூங்கிலை இறக்கி மேல்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, இரும்பை அவர் கையில் கொடுத்தாள். “நீங்களே இறக்குங்க சார். கையால மட்டும்.”

கோல் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி, ஓரிடத்தில் மெல்லத் தடுத்தது.

“இன்னும் தள்ளினா போகும் போலிருக்கே.”

“போகும். தள்ளுங்க. நானும் அன்னிக்கு அதைத்தான் பண்ணினேன்.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார். இன்னும் கொஞ்சம் போயிற்று. அவள் சொன்னபடி அரைச் சுற்று திருகி எடுத்தார். எட்டு வெட்டுகள் நிறைந்து வந்தன. மேலே ஆறு கறுப்பு, கீழே இரண்டு நீலம். அவரே விரல் வைத்து எண்ணினார்; ஒருமுறை எண்ணிவிட்டு, நுனியிலிருந்து திரும்ப எண்ணினார். பிறகு கையைத் தண்ணீரில் விட்டு ஆட்டினார். கறுப்பு கரைந்து போயிற்று. நீலம் விரலிடுக்கில் அப்படியே இருந்தது. சட்டைக் கைமடிப்பிலும் ஒரு கோடு.

“துண்டு தரட்டுமா சார்?” என்றான் தொப்பி. “ஏற்கனவே கறை பட்டதுதான்.”

பொறியாளர் துண்டை வாங்கித் துடைக்கப் போனவர், அதன் நடுவில் இருந்த நீலத்தைப் பார்த்து நிறுத்தினார். தன் விரலையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

திங்கட்கிழமை அவர் அவள் மேஜைக்கே வந்து நின்றார். “ஐம்பதுதான் எடுக்கப் போறோம். சரி, மிச்சப் பணத்துக்கு வழி சொல்லுங்க. திருப்பி அனுப்ப நான் தயாரா இல்ல.”

“கடைசிப் பக்கத்துல இருக்கு சார்.”

“என்ன கடைசிப் பக்கம்?”

“மூணு வாய்க்கால் வாயிலயும் சேத்தைப் புடிச்சு நிறுத்துற தொட்டி. அங்கேயே நின்னுட்டா ஏரிக்குள்ள வராது. வருஷத்துக்கு ரெண்டு தடவை தொட்டியை வாரினாப் போதும். பதினோரு வருஷமா எல்லாத் திட்டத்துலயும் வைக்கிறேன். யாரும் கடைசிப் பக்கம் வரைக்கும் வர்றதில்ல.”

அவர் நின்றுகொண்டே படித்தார். ஓரிடத்தில் பேனாவைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொண்டார். இரண்டு தொட்டிகளுக்கு அனுமதி கிடைத்தது. மூன்றாவதுக்கு இடம் இல்லை என்று குழு வெட்டியது. அளவக்கா அதை அடுத்த வருடத் திட்டத்தின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள்.

ஏரியை வடித்துத் தோண்ட ஆரம்பித்த நான்காம் நாள், அலுவலக உதவியாளர் ஒரு உறையோடு சேற்றோரம் வந்து நின்றார். குளத்தைப் பற்றிய குறிப்பாணை. பென்ஷனில் கை வைக்கவில்லை. ஓய்வு வரை ஊதிய உயர்வு கிடையாது. ‘கவனக்குறைவாக 1.2 மீட்டர் ஆழம் எனப் பதிவு செய்து, அதன் விளைவாக’ என்று ஆரம்பித்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

அளவக்கா படித்துவிட்டு, 1.2 என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே 1.3 என்று எழுதினாள்.

உதவியாளர் பதறிப் போனார். “அக்கா, மெமோல எல்லாம் திருத்தக் கூடாது. புதுசா அடிச்சுத்தான் குடுக்கணும்.”

“அடிச்சுக் கொண்டு வாங்க. தப்பான அளவுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“உங்களுக்கு நல்லதாத்தானே குறைச்சுப் போட்டிருக்காங்க?”

“யாரு குறைக்கச் சொன்னா?” என்று உறையை அவர் கையில் திணித்துவிட்டு, கோலைத் தூக்கிக்கொண்டு இயந்திரம் ஓடும் பக்கம் இறங்கி நடந்தாள். ஓட்டுநர் அவளைத் தூரத்தில் பார்த்ததுமே வாளியை அந்தரத்தில் நிறுத்தினார். அவள் பள்ளத்தில் கோலை இறக்கி, திருகி, எடுத்தாள். வெட்டில் கறுப்பு. இன்னொரு வெட்டிலும் கறுப்பு. நுனியை மட்டும் விரலில் தேய்த்துச் சேற்றுநீரில் ஆட்டிப் பார்த்தாள். கரைந்தது. பிறகு ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தாள்.